பழைய வால்வு டிவியில் மூன்று இரைச்சல்கள்: ஒரு சீரமைப்பு நிகழ்வு ஆய்வு

பெட்டியும் புகாரும்

1960களின் நடுப்பகுதியைச் சேர்ந்த 23 அங்குலக் கறுப்பு வெள்ளை டிவி. 625 வரி, சிசிஐஆர் பி ஒளிபரப்பு முறை. மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வால்வுகளைச் சூடாக்கும் இழைகளான ஹீட்டர்கள் எல்லாம் 300 மில்லிஆம்பியர் ஓடும் ஒரே தொடரில் கோக்கப்பட்டவை. வால்வுகளை இயக்கும் உயர் டிசி மின்னழுத்தமான ஹெச்டி, ஒரு பிஒய்100 சிலிக்கன் டயோடு வழியாக அரை அலையாகத் திருத்தப்பட்டு, 200+200 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கேனுக்கும் அதன் இரு பிரிவுக்கும் நடுவே அலைவைத் தணிக்கும் சுருளான சோக்குக்கும் போகிறது. ஒலிப் பகுதி எளிமையானது: 5.5 மெகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபையராக இஎஃப்80 வால்வு, எஃப்எம்மிலிருந்து ஒலியைப் பிரிக்கும் ரேஷியோ டிடெக்டரில் ஏஏ119 டயோடு ஜோடி, அதன் பின் ஒலிப்பெருக்கத்துக்கு பிசிஎல்86. படத்தை மேலிருந்து கீழாக வரையும் ஃபீல்டு அவுட்புட்டுக்கு பிசிஎல்85.

படம் நிலையாக வருகிறது, பேச்சும் புரிகிறது. ஆனால் பேச்சுக்கு அடியில் ஓயாமல் ஒரு கரகரப்பு. சில நேரம் அது உறுமலாகத் தணிகிறது, சில நேரம் கிழிசலாக எழுகிறது. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடினால் உச்சத்துக்குப் போகிறது.

முன்பு யாரோ கை வைத்த தடயங்களும் இருந்தன. இரண்டு பேப்பர் கண்டன்சர்கள் மாற்றப்பட்டிருந்தன. பட ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) பகுதியில் ஒரு சுருள் கேனின் மெழுகு உடைந்திருந்தது, அதற்குள் சுருளின் அலைவரிசையைத் திருத்துவதற்காக இருந்த ஃபெரைட் கோரின் பள்ளம் ஓரத்தில் சிதைந்திருந்தது. இரும்பு ஸ்க்ரூடிரைவர் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இங்கே கேட்டது ஒரு சத்தம் அல்ல. தனித்தனி வழியில் நுழையும் மூன்று சத்தங்கள், மூன்றும் 50 ஹெர்ட்ஸை ஒட்டியவை, அதனால் காதுக்கு ஒன்றாகப் பட்டன. இப்படிப்பட்ட பெட்டியில் பழுதான ஒரு பாகத்தைச் சரியாகவே மாற்றினாலும் மீதி இரண்டு சத்தமும் அப்படியே இருக்கும். மாற்றியவர் ‘இது இல்லை போல’ என்று பழைய பாகத்தையே திரும்ப வைத்துவிடுவார். சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன்பே, எந்தக் குமிழைத் திருப்பினால் எந்தச் சத்தம் மாறுகிறது என்று பிரித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

இந்த வகைப் பெட்டியில் சேஸிஸ் எனும் உலோகச் சட்டம் மெயின்ஸின் ஒரு கம்பியோடு நேரடியாக இணைந்திருக்கிறது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுவதும் லைனாகிவிடும். ‘நியூட்ரல் பக்கம்தான் சேஸிஸ்’ என்ற நம்பிக்கையில் ஆசிலோஸ்கோப்பின் (ஸ்கோப்) எர்த் கிளிப்பை மாட்டக்கூடாது. பெட்டியை மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும், 250 முதல் 300 விஏ வரையிலான ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். பெட்டிக்குள் ஆடியோ வீடியோ சாக்கெட் ஒன்றை நேராக ஒட்டி செட்டாப் பாக்ஸைக் கோக்கும் ஆசையும் இங்கே ஆபத்துதான். சிக்னல் ஆன்டெனா வழியாக, வீடியோவையும் ஒலியையும் டிவி அலையாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டரிலிருந்துதான் வரவேண்டும். ஆன்டெனா சாக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே தடுப்பாக நிற்கும் சிறு கண்டன்சர்களை ஒய் எனும் பாதுகாப்பு வகைக்கும், மெயின்ஸுக்குக் குறுக்கே உள்ள 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரை எக்ஸ்2 வகைக்கும் முதலிலேயே மாற்றிவிட வேண்டும். பழைய பேப்பர் வகை இந்த இடங்களில் இருந்தால் அளந்து பார்க்கக்கூடத் தேவையில்லை.

இன்னொரு எச்சரிக்கை, வால்வைக் கழற்றிப் பார்ப்பது பற்றி. ஹீட்டர்கள் தொடரில் இருப்பதால் ஒரு வால்வைப் பிடுங்கினால் எல்லா வால்வும் அணையும். ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள ரேடியோவில் பழகியவர்கள் சத்தம் எந்த நிலையிலிருந்து வருகிறது என்று வால்வைக் கழற்றியே கண்டுபிடிப்பார்கள். இங்கே அது நடக்காது. அதற்குப் பதில் 0.47 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கண்டன்சர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சேஸிஸில் கிளிப் செய்து, மறுமுனையை ஒவ்வொரு வால்விலும் சிக்னல் நுழையும் முனையான கிரிட்டில் தொட்டுப் பார்க்கலாம். கிரிட்டைத் தொட்டதும் சத்தம் நின்றால் அது அதற்கு முன்னாலிருந்து வருகிறது. நிற்காவிட்டால் அந்த வால்விலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது.

சத்தங்களைப் பிரித்தல்

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தபோது கரகரப்பு போய்விட்டது, ஆனால் ஒரு மழுங்கிய உறுமல் அப்படியே நின்றது. ஆக முதல் சத்தம் வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகு நுழைகிறது.

அடுத்து ஆன்டெனாவைக் கழற்றி வால்யூமை மெல்ல ஏற்றியபோது, சிக்னல் இல்லாத ‘ஸ்ஸ்’ ஒலியோடு கூர்மையான ஒரு கரகரப்பும் கேட்டது. செங்குத்து ஹோல்டு குமிழைத் திருப்பியதும் அதன் சுருதி கூடவே மாறியது. உயரக் கன்ட்ரோலைக் குறைத்துப் படத்தைச் சுருக்கியதும் சத்தமும் சுருங்கியது. இது வெளியிலிருந்து வரும் சிக்னலின் வேலை அல்ல. பெட்டிக்குள்ளேயே இருந்து செங்குத்து வரைவை இயக்கும் ஃபீல்டு டைம்பேஸ் சர்க்யூட் ஒலிப் பகுதிக்குள் கசிகிறது.

மூன்றாவது சத்தம் ஆன்டெனாவைத் திரும்ப மாட்டிய பிறகுதான் வந்தது. செங்குத்து ஹோல்டைத் திருப்பிப் படத்தை உருள விட்டாலும் அதன் சுருதி அசையவில்லை. ஃபைன் ட்யூனிங்கைத் திருப்பினால் மாறியது. முழுக் கறுப்புப் படத்தில் கிட்டத்தட்ட இல்லை, முழு வெள்ளையில் பலமாக இருந்தது. படக் கேரியரும் ஒலிக் கேரியரும் கலக்கும் இடத்தில் பிறக்கும் இன்டர்கேரியர் கரகரப்பின் அடையாளம் இதுதான்.

ஸ்கோப் இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஸ்பீக்கர் முனைகளில் ப்ரோபை வைத்து, அலையை வரையத் தொடங்கும் கணத்தை முடிவுசெய்யும் ட்ரிகரை மெயின்ஸுக்கு மாற்றினால், மெயின்ஸிலிருந்து வரும் உறுமல் திரையில் அசையாமல் நிற்கும், படத்தோடு வரும் கரகரப்பு மெல்ல நகரும். ட்ரிகரை ஃபீல்டு ஸிங்குக்கு (ஒவ்வொரு ஃபீல்டின் தொடக்கக் குறி) மாற்றினால் இது தலைகீழாகும். மெயின்ஸ் 49.9 ஹெர்ட்ஸிலும் சிக்னலின் ஃபீல்டு 50 ஹெர்ட்ஸிலும் இருந்தால் இரண்டும் பத்து விநாடிக்கு ஒருமுறை சேர்ந்து பிரியும். சத்தம் எழுந்து தணிகிறது என்று புகாரில் சொல்லப்பட்டதன் ஒரு பகுதி இதுதான்.

முதல் சத்தம்: மெயின்ஸ் உறுமல்

இது மூன்றில் எளிதானது. ஹெச்டி மின்னோட்டம் சுமார் 0.3 ஆம்பியர். அரை அலைத் திருத்தத்தில், ஒரு சுற்றின் 20 மில்லிவிநாடியில் ஏறக்குறைய 16 மில்லிவிநாடிக்குக் கண்டன்சர் மட்டுமே சுமையைத் தாங்குகிறது. 200 மைக்ரோஃபாரட் நல்ல நிலையில் இருந்தால் அலைவு 0.3 × 0.016 ÷ 0.0002, அதாவது 24 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இங்கே முதல் கண்டன்சரில் 42 வோல்ட் இருந்தது, சோக்கைத் தாண்டி 8 வோல்ட். இரண்டு பிரிவுமே வற்றிவிட்டன, இரண்டாவது மிக மோசம்.

220 மைக்ரோஃபாரட், 400 வோல்ட், 105 டிகிரி வகைக் கண்டன்சர்கள் இரண்டு சேஸிஸுக்கு அடியில் பொருத்தப்பட்டன. பழைய கேன் தோற்றத்துக்காக மேலேயே இருக்கிறது, ஆனால் அதன் முனைகள் துண்டிக்கப்பட்டுவிட்டன. பழையதை விடாமல் புதியதை இணையாகப் போடுவது பரவலான பழக்கம். பழைய கேனில் மின்கசிவு இருந்தால் அது தொடர்ந்து சூடாகி ஒருநாள் வெடித்துக் கக்கும். ‘கூடப் போட்டால் இன்னும் நல்லது’ என்று 470 மைக்ரோஃபாரட் போடுவதும் தவறு. ஒவ்வொரு சுற்றிலும் டயோடு வழியாகப் பாயும் உச்ச மின்னோட்டம் ஏறி, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஸர்ஜ் ரெசிஸ்டரையும் டயோடையும் எரித்துவிடும். மாற்றியபின் அளவுகள் 23 வோல்ட், 1 வோல்ட் சொச்சம் என்று இறங்கின. திரையில் மெல்ல மேலேறிக்கொண்டிருந்த மங்கலான பட்டையும் கூடவே போனது.

முன்பெருக்கும் ட்ரையோடும் ஸ்பீக்கரை இயக்கும் பென்டோடும் ஒரே குடுவையில் உள்ள பிசிஎல்86ஐத் தொட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 150 ஓம் கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே 8 வோல்ட், அதாவது 53 மில்லிஆம்பியர். 6.3 வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடம் அது. பென்டோடு கிரிட்டில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் +2.6 வோல்ட். ட்ரையோடின் வெளியீட்டு முனையான ஆனோடிலிருந்து வரும் 22 நானோஃபாரட் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது. இந்த வால்வின் ஆனோடு தாங்கும் வரம்பு 9 வாட். இந்த மின்னோட்டத்தில் அது தாண்டிவிடுகிறது. உறுமலுக்கு இது நேரடிக் காரணம் அல்ல. ஆனால் விட்டுவைத்தால் வால்வையும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோகும். 630 வோல்ட் பாலிப்ராப்பிலீன் வகை போட்டதும் கேத்தோடு 6.2 வோல்ட்டுக்கு வந்தது.

டயோடுக்குக் குறுக்கே இருக்கும் சிறிய செராமிக் கண்டன்சரையும் இதே கட்டத்தில் பார்த்துவிட வேண்டும். அது திறந்துபோனால் டயோடு ஒவ்வொரு முறை அணையும்போதும் எழும் மின்துடிப்பு ஆர்எஃப் பகுதிக்குள் போய், நிலையம் பிடித்தால் மட்டும் கேட்கும் ஓர் உறுமலைக் கொடுக்கும். வால்யூமைப் பூஜ்யமாக்கினால் அது மறைந்துவிடும் என்பதால் இன்டர்கேரியர் கரகரப்பு என்று ஏமாறுவது சுலபம். ஆனால் படத்தில் கறுப்பு வந்தாலும் வெள்ளை வந்தாலும் அது மாறாது. இந்தப் பெட்டியில் அந்தக் கண்டன்சர் நன்றாகவே இருந்தது.

இரண்டாவது சத்தம்: ஃபீல்டு கசிவு

இதில் துப்புக் கொடுத்தது வால்யூம் கன்ட்ரோல்தான். குமிழைப் பூஜ்யத்திலிருந்து ஏற்ற ஏற்றக் கரகரப்பு கூடியது, முக்கால் திருப்பத்தைச் சற்றுத் தாண்டிய இடத்தில் உச்சம் தொட்டது, முழுதும் திருப்பினால் குறைந்தது. சிக்னலோடு கலந்து வரும் இரைச்சல் இப்படி நடந்துகொள்ளாது. அது வால்யூமோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். பொட்டென்ஷியோமீட்டரின் வைப்பர், தடத்தின் மின்தடையில் சரிபாதியில் நிற்கும்போதுதான் வெளியே தெரியும் மின்தடை அதிகபட்சமாகிறது. 1 மெகா ஓம் தடத்தில் அது கால் மெகா ஓம். லாக் வகைத் தடத்தில் அந்தப் பாதி, குமிழ் முக்கால் திருப்பத்தைத் தாண்டும்போது வருகிறது. மின்தடை ஏறும் இடத்தில் சத்தமும் ஏறினால், வைப்பரிலிருந்து புறப்படும் கம்பி பக்கத்தில் உள்ள ஏதோ ஒன்றை மின்புலம் வழியாக இழுக்கிறது என்று பொருள்.

கம்பியைத் தொடர்ந்து பார்த்தால் அது வால்யூம் கன்ட்ரோலிலிருந்து பிசிஎல்86 ட்ரையோடு கிரிட்டுக்குப் போகும் வலைக்கவசக் கம்பி. பிசிஎல்85 சாக்கெட்டை ஒட்டி ஒரு சாண் தூரம் ஓடுகிறது. அந்த ஆனோடில் ஃபீல்டு திரும்பும் ஒவ்வொரு முறையும் பல நூறு வோல்ட் துடிப்பு எழும். வலைக்கவசம் சேஸிஸில் சேரும் இடத்தில் சால்டர் சாம்பல் நிறத்தில் திரண்டு நின்றது. இழுத்தால் வரவில்லை, ஆனால் மீட்டரில் சில கிலோ ஓம். பழைய சால்டரை முழுக்க உறிஞ்சி எடுத்து, இழைகளைச் சுரண்டி மீண்டும் ஒட்டியதும் சத்தத்தின் பெரும்பகுதி போனது. வலைக்கவசத்தை ஒரு முனையில் மட்டுமே எர்த் செய்ய வேண்டும். இரு முனையும் சேஸிஸில் பட்டால், சேஸிஸில் ஓடும் ஹீட்டர் மின்னோட்டம் கவசத்தின் வழியாகவும் பாய்ந்து புது உறுமலைக் கொண்டுவரும்.

முதல் சோதனையில் உறுமலுக்கு அடியில் மறைந்திருந்த மெல்லிய கரகரப்பு மிச்சமிருந்தது. அது உயரக் கன்ட்ரோலுக்கு அசைந்தது, வால்யூமுக்கு அசையவில்லை. அது ஹெச்டி வழியாக வருகிறது. ஃபீல்டு அவுட்புட்டுக்கும் ஒலிப் பகுதிக்கும் பொதுவான 50 மைக்ரோஃபாரட் டீகப்ளிங் கண்டன்சரின் இஎஸ்ஆர் (உள் தொடர் மின்தடை) 14 ஓம் காட்டியது. நல்லதில் அது ஓரிரு ஓமைத் தாண்டாது. கொள்ளளவு மீட்டரில் 41 மைக்ரோஃபாரட் காட்டியதால் முன்பு பார்த்தவர் அதை நல்லது என்று விட்டிருக்கலாம். கொள்ளளவு மட்டும் பார்த்து எலக்ட்ரோலிட்டிக்கை நம்பக்கூடாது என்பதற்கு இந்த 41 போதும். 47 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் போட்டதும் ஆன்டெனா இல்லாத நிலையில் பெட்டி அமைதியானது.

மூன்றாவது சத்தம்: இன்டர்கேரியர் கரகரப்பு

இதில்தான் வேலை அதிகம், தவறுகளும் அதிகம். ஏன் இந்தச் சத்தம் பிறக்கிறது என்பதை எண்களோடு பார்த்துவிட்டால் எங்கே கை வைக்க வேண்டும், எங்கே வைக்கக்கூடாது என்பது தானே தெரியும்.

பெட்டிக்குள் படக் கேரியர் 38.9 மெகாஹெர்ட்ஸிலும் ஒலிக் கேரியர் 33.4 மெகாஹெர்ட்ஸிலும் ஒரே ஐஎஃப் பகுதி வழியாகப் போகின்றன. வீடியோ டிடெக்டரில் இரண்டும் கலந்து, வித்தியாசமான 5.5 மெகாஹெர்ட்ஸ் பிறக்கிறது. ஒலி அதில் எஃப்எம்மாக இருக்கிறது. இப்படிக் கலக்கும்போது வித்தியாச அலையின் உயரத்தை நிர்ணயிப்பது இரண்டில் சிறியது. ஒலிக் கேரியர் எப்போதும் சிறியதாக இருந்தால் 5.5 மெகாஹெர்ட்ஸின் உயரம் மாறாது, படம் அதில் தெரியாது. எப்போதாவது படக் கேரியர் ஒலிக் கேரியரைவிடச் சிறியதாகிவிட்டால் அந்தக் கணத்தில் படமே 5.5 மெகாஹெர்ட்ஸை ஏற்றி இறக்கத் தொடங்கும்.

இந்த முறையில் மாடுலேஷன் எதிர்மறை. ஸிங் முனையில் கேரியர் 100 சதவீதம், வெள்ளையில் சுமார் 10 சதவீதம். எந்த அலைவரிசை எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் ஐஎஃப் வளைவில், படக் கேரியர் நைக்விஸ்ட் சரிவு எனும் ஓரச் சரிவின் பாதியில் உட்கார்வதால் அந்த 100 என்பது 50 ஆகிறது, வெள்ளையில் 5. ஒலிக் கேரியர் திறனில் பத்தில் ஒன்று, அதாவது வோல்ட் கணக்கில் 32. ஐஎஃப் வளைவு 33.4 மெகாஹெர்ட்ஸில் உச்சியிலிருந்து 26 டெசிபெல் இறங்கியிருந்தால் அது இருபதில் ஒன்றாகி 1.6க்கு வரும். 5க்கும் 1.6க்கும் இடையே தாராளமான இடைவெளி இருக்கிறது, பெட்டி அமைதியாக இருக்கும். ஒலிக் கேரியரை அமுக்கும் ஒலி ட்ராப் நகர்ந்து இறக்கம் 12 டெசிபெல் ஆகிவிட்டால் 32 என்பது நான்கில் ஒன்றாகி 8 ஆகும். வெள்ளை வரும்போதெல்லாம் படம் 5க்கு இறங்கி ஒலியைவிடத் தாழ்ந்துவிடும். ஃபீல்டு பிளாங்கிங்கில் கேரியர் 75 சதவீதத்துக்கு எழும்போது மீண்டும் மேலே வரும். விநாடிக்கு 50 முறை நடக்கும் இந்த ஏற்ற இறக்கம்தான் கரகரப்பு.

இதே கணக்கு சிக்னல் தரும் பக்கத்துக்கும் பொருந்தும். மாடுலேட்டரில் வீடியோ மிகையாக ஏறி வெள்ளையில் கேரியர் 2 சதவீதத்துக்கு இறங்கினால், பெட்டிக்குள் அது 1 ஆகிறது. கோர்களை ஒழுங்காகத் திருப்பி அலைன் செய்த பெட்டியின் 1.6கூட அதைத் தாண்டிவிடும். அதனால் கோரைத் தொடும் முன் மாடுலேட்டரைப் பார்த்துவிட வேண்டும்.

வீடியோ மட்டம் 75 ஓம் சுமையில் உச்சிக்கு உச்சி 1 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்கோப்பில் 1.4 வோல்ட் இருந்தது. சிறு ரெசிஸ்டர் அட்டெனுவேட்டர் ஒன்றால் 1 வோல்ட்டுக்குக் கொண்டுவந்ததும் வெள்ளை எழுத்துகளின்போது வரும் கிழிசல் பாதியாகக் குறைந்தது. மாடுலேட்டரின் ஒலி இடைவெளி 5.5க்குத்தான் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். பல மாடுலேட்டர்களில் 4.5, 5.5, 6.0, 6.5 என்று தேர்வு உண்டு. தவறான இடைவெளியில் வெறும் இரைச்சலும் கரகரப்பும்தான் வரும், பேச்சு வராது. ஆர்எஃப் மட்டமும் மிகையாக இருக்கக்கூடாது. 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைச் செருகிப் பார்த்துச் சத்தம் குறைந்தால் கடைசி ஐஎஃப் நிலை திணறுகிறது, பெருக்கத்தைத் தானே சரிசெய்யும் ஏஜிசியைப் பார்க்க வேண்டும். இங்கே செருகியும் மாற்றமில்லை.

அடுத்தது ரேஷியோ டிடெக்டர். அங்கே ஒரு சிறிய எலக்ட்ரோலிட்டிக் இருக்கும், 4.7 முதல் 10 மைக்ரோஃபாரட் வரை. டிடெக்டரின் மொத்த மின்னழுத்தத்தை ஆடாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. 5.5 மெகாஹெர்ட்ஸின் உயரம் ஆடினாலும் வெளியே ஒலியில் தெரியாமல் செய்வது அதுதான். இந்தப் பெட்டியில் சுமை 15 கிலோ ஓம் இரண்டு, மொத்தம் 30 கிலோ ஓம். 4.7 மைக்ரோஃபாரட்டோடு நேர மாறிலி 0.14 விநாடி. ஒரு ஃபீல்டுக்கு 20 மில்லிவிநாடி என்பதால் ஏழு மடங்கு தாராளம். கழற்றி அளந்தால் 0.4 மைக்ரோஃபாரட். நேர மாறிலி 12 மில்லிவிநாடி, ஒரு ஃபீல்டைவிடக் குறைவு. எதைத் தடுக்க அது வைக்கப்பட்டதோ அதன் பின்னாலேயே ஆடிக்கொண்டிருந்தது. பழைய டிவியில் கரகரப்பு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டிய பாகம் இது. மிளகு அளவுக்கு இருப்பதால் கேன் எலக்ட்ரோலிட்டிக்குகளை மாற்றுகிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். மாற்றும்போது துருவத்தை மீட்டரால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சில சர்க்யூட்டுகளில் சேஸிஸ் பக்கம் பாசிட்டிவாக இருக்கும்.

டயோடு ஜோடியும் ஒத்துப்போகவில்லை. ஒன்றின் பின்னோக்கு மின்தடை பல நூறு கிலோ ஓம், மற்றொன்றில் வெறும் 40 கிலோ ஓம். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மீட்டரின் டயோடு சோதனையில் ஒரே அளவு காட்டும் இரண்டு ஜெர்மேனியம் டயோடுகளைப் பொறுக்கி எடுக்கலாம். கையில் பிடித்த சூடு ஆறிய பிறகு அளக்க வேண்டும், விரல் வெப்பத்துக்கே அளவு நகரும். சால்டர் செய்யும்போது டயோடுக்கும் சால்டருக்கும் நடுவே மூக்குப் பிளையரால் கம்பியைப் பிடித்துக்கொண்டால் சூடு உள்ளே ஏறாது. 1என்4148 போன்ற சிலிக்கன் டயோடு இங்கே பலவீனமான சிக்னலில் வேலையே தொடங்காது.

அலைன்மென்ட்

ஒலிப் பக்கத்தை அலைன் செய்யச் சிக்னல் ஜெனரேட்டர் தேவையில்லை. ட்யூனர் எவ்வளவு நகர்ந்தாலும் 5.5 மெகாஹெர்ட்ஸ் என்ற வித்தியாசம் மாடுலேட்டரில் நிர்ணயமானது, அதையே அளவுகோலாக வைக்கலாம். எலக்ட்ரோலிட்டிக்குக்குக் குறுக்கே மீட்டரை வைத்து, இஎஃப்80க்கு முன்னுள்ள காயிலையும் டிடெக்டர் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியையும் அதிகபட்ச வோல்ட்டுக்குத் திருப்ப வேண்டும். இங்கே 5 வோல்ட் சொச்சம் 11 வோல்ட் ஆனது. பிறகு 1 சதவீதத் துல்லியம் உள்ள 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக அந்த எலக்ட்ரோலிட்டிக்குக்குக் குறுக்கே வைத்து, அவற்றின் நடுப்புள்ளிக்கும் ஒலி வெளியேறும் புள்ளிக்கும் இடையே மீட்டரைக் கோத்து, செகண்டரி கோரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பூஜ்யத்தின் இரு பக்கமும் முள் எதிரெதிர்த் திசையில் பாய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து திரும்பி வரும் பூஜ்யம் பொய்யானது.

கோரைத் திருப்பப் பிளாஸ்டிக் கருவி மட்டுமே. மெழுகு இறுகியிருந்தால் ஹேர் ட்ரையரால் சூடேற்றிய பிறகு, முதலில் இருந்த நிலையை மேலே கோடிட்டுக்கொண்டு, கால் கால் திருப்பமாகப் போக வேண்டும்.

கடைசியாக, டிடெக்டரின் இரு பக்கத்தையும் சமன் செய்யும் பேலன்ஸ் ப்ரீசெட். அட்டெனுவேட்டரால் சிக்னலைக் குறைத்து, லேசாக ‘ஸ்ஸ்’ கேட்கும் நிலையில் முழு வெள்ளைப் படத்தை வைத்துக் கரகரப்பு மிகக் குறைவாகும் இடத்தில் நிறுத்தினால் போதும். பலமான சிக்னலில் இந்த இடம் அகலமாக இருக்கும், சரியான புள்ளி காதுக்குப் பிடிபடாது.

இத்தனைக்கும் பிறகு முழு வெள்ளையில் கொஞ்சம் கரகரப்பு மிஞ்சியது. ஒலியோடு சேர்ந்து துடிக்கும் கிடைக்கோடுகளும் படத்தில் இருந்தன. சிதைந்த கோரின் முறை வந்தது. பட ஐஎஃப் வளைவைக் காதை வைத்துத் திருத்தக்கூடாது. அதைச் செய்ததால்தான் பெட்டி இந்த நிலைக்கு வந்தது. ஏஜிசி லைனை ஒரு பேட்டரியால் நிலையான நெகட்டிவ் மின்னழுத்தத்தில் பிடித்துவைத்து, மிக்ஸரின் சோதனைப் புள்ளியில் மாடுலேஷன் இல்லாத சிக்னலைச் செலுத்தி, வீடியோ டிடெக்டரின் டிசி வெளியீடு ஒரே அளவில் நிற்கும்படி ஜெனரேட்டரின் அட்டெனுவேட்டரை மாற்றிப் புள்ளி புள்ளியாகக் குறித்தபோது, 38.9ல் வளைவு உச்சியிலிருந்து 6 டெசிபெல் இறங்கிச் சரியாக இருந்தது. 33.4ல் 12 டெசிபெல்தான் இறங்கியிருந்தது. பக்கத்து நிலையங்களுக்கான 31.9, 40.4 ட்ராப்கள் தம் இடத்தில் இருந்தன. ஆக நகர்ந்தது ஒலி ட்ராப் ஒன்று மட்டுமே. சிதைந்த கோரைத் துண்டாகாமல் வெளியே எடுத்து, அதே மரையும் நீளமும் உள்ள இன்னொன்றை மாட்டி 26 டெசிபெலுக்கு வைத்ததும் கரகரப்போடு கிடைக்கோடுகளும் போயின. இன்னும் கீழே, 35 டெசிபெலுக்கு இறக்கினால் ஒலி இன்னும் சுத்தமாகும் என்று தோன்றும். ஆகாது. 5.5 மெகாஹெர்ட்ஸே பலவீனமாகி, சற்று மங்கிய சிக்னலிலும் இரைச்சல் ஏறிவிடும்.

விட்டுவிட்ட குறுக்குவழி ஒன்று

ஒளிபரப்பில் உயர்த்தி அனுப்பிய மேல் சுருதிகளைத் திரும்பத் தணிக்க டிடெக்டருக்குப் பின்னுள்ள டீ-எம்ஃபசிஸ் கண்டன்சரைப் பெரிதாக்கிக் கரகரப்பை மழுங்கடிப்பது பல பெட்டிகளில் காணக் கிடைக்கிறது. இந்த முறைக்கு வேண்டியது 50 மைக்ரோவிநாடி, அதாவது 47 கிலோ ஓமும் 1 நானோஃபாரட்டும். அதை 10 நானோஃபாரட் ஆக்கினால் சத்தம் குறைந்ததுபோல இருக்கும். கூடவே பேச்சின் ச, ஸ ஒலிகளும் போய்விடும், மூலக்காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தப் பெட்டியிலும் யாரோ 4.7 நானோஃபாரட் ஒட்டியிருந்தார்கள். 1 நானோஃபாரட்டுக்குத் திரும்பியதும் ஒலி தெளிந்தது, கரகரப்பு திரும்பவில்லை.

மூடுவதற்கு முன்

பின்பலகையை மாட்டி, பெட்டி முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓடவிட்டு ரேஷியோ டிடெக்டரின் பூஜ்யத்தை மீண்டும் பார்க்க வேண்டும். சூட்டில் சற்று நகர்வது இயல்பு, நகர்ந்த இடத்தில் திருத்திக் கோரை மெழுகால் அடைத்துவிடலாம். வால்யூம் கன்ட்ரோலின் உலோகத் தண்டு சேஸிஸோடு தொடர்புடையது என்பதால் குமிழ்களின் சிறு திருகுகள் வெளியே தெரியக்கூடாது, திருகுக் குழிகளை மெழுகால் மூட வேண்டும். பிளக்கைக் கழற்றிய நிலையில், 500 வோல்ட் இன்சுலேஷன் மீட்டரை ஆன்டெனா சாக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே வைத்துப் பார்க்க வேண்டும். நிலைமின்னை வடிக்கப் போட்ட உயர் மதிப்பு ரெசிஸ்டரின் அளவு மட்டும் அங்கே காட்ட வேண்டும். அதற்குக் குறைவாகக் காட்டினால் சாக்கெட் பலகையைத் திரும்பத் திறந்து சரிசெய்யும்வரை பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கக்கூடாது.